ஐம்பது அடி

வேலி கூடாது என்பது
இந்த டிரெய்லர் குடியிருப்பின் பதினோராம் விதி.
துணி காயப்போடும் கம்பி கூடும்.
வாடகைச் சீட்டை மூன்று முறை படித்துவிட்டு
வெண்டல் அஷூர் சொன்னார்:
"அப்படியென்றால் இது துணிக்கம்பி."

நாயின் எடை நாலு கிலோ. பெயர் பிக்கிள்.
நான்கு பக்கமும் வடக்கு டகோட்டா.
பயிரை மேயக்கூட இங்கே ஒரு வேலி கிடையாது.
கோதுமை முடிகிற இடத்தில் வானம்,
நடுவே தானிய லாரிகள் பறக்கும் சாலை.

முதலில் ஒரு முளை அடித்தேன்.
செக்குமாடாய்ச் சுற்றிச் சுற்றி
கயிறு தீர்ந்து
மூக்கு முளையில் முட்ட நின்றது,
குற்றவாளியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தபடி.

அப்புறம் ஒரு மடக்குக் கூண்டு.
செப்டம்பர் காற்று அதைத் தூக்கிக்கொண்டுபோய்
எரிவாயுத் தொட்டியின்மேல் வைத்தது.
நல்லவேளை, நாய் அப்போது சோபாவில்.

மின்பட்டை அனுப்பினாள் மகள் லோரீன்,
பிஸ்மார்க்கிலிருந்து, அன்போடு.
மண்ணில் கம்பியைப் புதைத்தால் போதுமாம்,
எல்லை தாண்டினால் கழுத்தில் சுரீர்.
என் மணிக்கட்டில் கட்டிப் பார்த்தேன்.
அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.
அதுவுமில்லாமல் அது நாயைத்தான் தடுக்கும்,
பருந்தைத் தடுக்காது.

வெண்டல் முப்பது வருஷம்
ரயில்வேயில் சிக்னல் கம்பி இழுத்தவர்.
தொய்வு என்ற சொல்லைக்
கெட்ட வார்த்தைபோல் உச்சரிப்பார்.
இரண்டு கம்பம், தலைக்கு மேலே எஃகுக் கம்பி,
அதில் ஓடும் ஒரு கப்பி,
கம்பத்தைச் சுற்றிக்கொள்ளாமலிருக்க
இரு முனைக்கும் ஆறடி முன்னால் ஒரு தடை.
"கழுத்துப்பட்டையில் மாட்டாதே ஆர்டிஸ்,
மார்புப்பட்டையில் மாட்டு.
படிக்கட்டுக் கைப்பிடி எட்டக்கூடாது.
தாண்டிக் குதித்தால் தொங்கிவிடும்."
பிறகு அண்ணாந்து பார்த்துவிட்டு
வீட்டிலிருந்து ஒரு பழைய காப்பி மேசையைக் கொண்டுவந்து
கம்பிக்குக் கீழே போட்டார்.
பருந்து நிழல் விழுந்தால் நுழைய.

எவ்வளவு நீளம் என்று கேட்டேன்.
ஐம்பது அடி என்றார்.
சொன்னதும் அவர் கண்
என் மூக்கிலிருந்து புறப்பட்டு
படிகளில் ஏறி, தரையில் வளைந்து
உள்ளே முனகும் இயந்திரம்வரை போகும் குழாயை
ஒருதரம் தொட்டுவிட்டு
அவசரமாகச் சுத்தியலைத் தேடியது.

ஆமாம். எனதும் ஐம்பதுதான்.
குளியலறை எட்டும். தபால்பெட்டி எட்டாது.
மூன்றாம் படியில்
மூக்கைப் பிடித்து இழுத்து ஞாபகப்படுத்தும்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்,
கொக்கி வாய் பிளந்துவிட்டது.
கப்பி மட்டும் கம்பியில் ஆடிக்கொண்டிருக்க
பிக்கிள் சாலையோரத்தில்.
தூரத்தில் தூசியாக ஒரு சூரியகாந்தி லாரி.
பெயர் சொல்லிக் கூப்பிட மூச்சு வேண்டும்.
குழாயைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு
நடந்தேன், எண்ணினேன்:
பதினேழு அடி.
பதினெட்டாவது கிடைக்கவில்லை.
புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நாய்க்கு அது விநோதமாக இருந்திருக்க வேண்டும்.
தலையைச் சாய்த்தது.
லாரியைப் பார்த்தது. என்னைப் பார்த்தது.
வந்து மடியில் ஏறி
என் வாயை முகர்ந்தது,
உள்ளே எதையோ தொலைத்ததுபோல்.

வெண்டல் செருப்பில்லாமல் ஓடிவந்து
எங்களை அவரவர் கயிற்றில் மாட்டினார்.
"சரியாகச் செய்தாய்" என்றார்.
"ஓடுகிற நாயைத் துரத்தவே கூடாது,
உட்கார்ந்துவிட வேண்டும்.
நிறையப் பேருக்கு இது தெரியாது."
தெரியும் என்பதுபோல் தலையாட்டிவைத்தேன்.
பேச இன்னும் மூச்சு வரவில்லை.

மறுநாள் கம்பியில் புதுக் கொக்கி,
திருகிப் பூட்டுகிற மாதிரி.
தபால்பெட்டியையும் பிடுங்கிவந்து
இரண்டாம் படிக்குப் பக்கத்தில் நட்டிருந்தார்.
அதற்கும் ஒரு விதி இருக்கும்.
நாங்கள் இன்னும் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.